தாலி விழுந்தது, சீல் விழவில்லை

நம்மூர் அரசியல்வாதிக்குக் கல்யாணம் என்றால் உயிர். 1967-ல் ஆட்சிக்கு வந்த கையோடு அண்ணா சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினார். அன்றிலிருந்து தேர்தல் மேடைக்கும் கல்யாண மேடைக்கும் பெரிய வித்தியாசமில்லை. தாலி எடுத்துக் கொடுக்க வந்த ஒன்றியச் செயலாளர், மைக் கிடைத்தால் மணமக்களை மறந்துவிட்டு மத்திய அரசைப் பிடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட நாட்டில், 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் திருநங்கைக்கும் கல்யாணம். உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி. அம்பாள் பெயரே பாகம்பிரியாள். ஆனாலும் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி சொல்லமாட்டோம் என்று கோயில் நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டது. சார்பதிவாளர் பதிய மறுத்தார். மேலே போனால் மாவட்டப் பதிவாளர் அதற்கு ஆமாம் போட்டார். 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது! வாரியம் வைத்த செய்தி பதிவு அலுவலகத்துக்கு வந்துசேரப் பத்து வருஷம் போதவில்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அதற்குள் நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது. கனிமொழியா தமிழிசையா என்று ஊர் உலகமெல்லாம் தூத்துக்குடியை எட்டிப் பார்த்தது. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. தீர்ப்பு வந்ததோ ஏப்ரல் 22. விரல் மை இன்னும் அழியாத நாலாம் நாள். எந்த வேட்பாளரும் மைக் முன்னால் "அது வந்து..." என்று இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த ஒரு உபகாரத்துக்காகவே எல்லாக் கட்சியும் கூடி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு ஆக்ஸ்போர்டு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அதில் இருக்கிறதாம். நீதிபதி அசரவில்லை. திருநங்கையும் மணமகள்தான், பதிந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்வதுதான் இன்னும் இழுபறி. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அது நாடாளுமன்றத்தின் பாடு என்று கையை விரித்துவிட்டார்கள். 2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ், விரிவாகக் கலந்தாலோசித்த பிறகு இப்படிப்பட்ட ஜோடிகளின் இணைவாழ்வை ஏற்கும் சட்டம் கொண்டுவருவோம் என்றது. கலந்தாலோசனை எப்படிப்பட்டது என்று தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். சேது சமுத்திரக் கால்வாய் வெட்டுவதைப் பற்றி 1860-லிருந்து கலந்தாலோசிக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிற கப்பல் இன்றைக்கும் இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நம் துறைமுகத்துக்குள் நுழைகிறது.