கதை இலாகாவினருக்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

கோடம்பாக்கத்துப் பெரிய படக் கம்பெனியொன்றின் கதை இலாகாத் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு,

சேரியிலும் மீனவர் குப்பத்திலும் திருநங்கையர் குடியிருப்பிலும் உள்ள புதிய கதைக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கைதூக்கிவிடப் போவதாகத் தாங்கள் வெளியிட்டிருக்கும் அறிவிப்பைக் கண்டு ஆனந்தமடைந்த நான், அவர்களிடம் கையொப்பம் வாங்குவதற்கென்று தயாரித்திருக்கும் உடன்படிக்கையையும் ஆதியோடந்தமாக வாசித்தபின் பரவசமே எய்திவிட்டேன் என்பதை விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பின்னர் திருத்தியவர்கள்தாம் எத்தனை லோபிகள்! உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து வருஷமே செல்லும் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்திய தேசத்தோடு சரி என்றும் எழுதிவைத்தார்கள். தாங்களோ, துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகள் தன் தாயைப் பற்றி எழுதிய கதையைப் பிரபஞ்சம் முழுவதற்கும், சாசுவதமாக, இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கும் சாதனங்கள் அனைத்துக்கும் சேர்த்தே எழுதி வாங்குகிறீர்கள். செவ்வாய் கிரகத்தில் கொட்டகை போடும் உத்தேசம் இருக்குமாயின், முதல் காட்சிக்கு அப்பெண்ணுக்கு ஒரு பாஸாவது அனுப்புவீர்கள் என்று நம்புகிறேன். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாகக் கண்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும் என்று சட்டம் சொல்கிறதே என ஒரு கணம் கலங்கினேன். அந்த வேறுவிதம் தங்கள் பன்னிரண்டாம் ஷரத்தில் பத்திரமாக வீற்றிருக்கக் கண்டு தேறினேன். ஆகவே படம் எடுக்காமலே கதையை அலமாரியில் பூட்டிவைக்கவும், தன் தாயின் வாழ்க்கையை வேறெங்கேனும் படமாக்க அப்பெண் விரும்பினால் தங்கள் அனுமதிக்குக் காத்து நிற்கச் செய்யவும் தங்களால் இயலும்.

2012இல் வந்த திருத்தம் ஒன்றுதான் கொஞ்சம் முரட்டுத்தனமானது. திரையரங்கில் படத்தைக் காட்டுவது நீங்கலான ஏனைய பயன்பாடுகளில் எழுத்தாளருக்குரிய ராயல்டியின் சமபங்கை, அவரே மனமுவந்தாலும் தங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது அது. அதற்கென்ன, ஒரே தவணையில் யாவும் தீர்ந்துவிட்டதென்று ஒரு வரி சேர்த்துவிட்டீர்கள். உரிமையை விற்ற பிறகும் தானே ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தாங்கள் டைட்டில் கார்டில் நன்றி என்ற பகுதியில், கேட்டரிங்காரருக்குப் பின்னால், இடம் தருகிறீர்கள்.

கதை கேட்கும் வைபவத்தையும் பிரஸ்தாபிக்காமலிருக்க முடியவில்லை. எழுத்தில் ஏதும் வாங்காமல், காபி கொடுத்து, இரண்டு மணி நேரம் வாயால் சொல்லச் செய்து, பார்க்கலாம் தம்பி என்று அனுப்பிவைப்பது எவ்வளவு தீர்க்கதரிசனம்! கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்ன தீர்ப்பைத் தங்கள் இலாகாவைப் போலக் கற்றுணர்ந்தவர்கள் அபூர்வம். கதையை முன்கூட்டி எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிட்டு வருகிறவனைத் தாங்கள் நம்பிக்கையற்றவன் என்று கடிந்துகொள்வதாகவும் கேள்வி. 2018இல் 'சர்க்கார்' படத்தின் கதை பற்றிய வழக்கு சமரசத்தில் முடிந்து, உதவி இயக்குநர் ஒருவருக்குப் படத்திலேயே அங்கீகாரம் தரப்பட்டதற்கு அத்தகைய பதிவொன்றே ஆதாரமாயிருந்தது. ஆகையால் தங்கள் கோபம் நியாயமானதே.

ஐந்து வருஷத்துக்கு மட்டும் உரிமம், படமாகாவிட்டால் கதை ஆசிரியருக்கே திரும்புதல், கதை என்று தனி அட்டையில் பெயர், கையொப்பமிடுமுன் வக்கீலிடம் காட்ட ஒரு வாரம் அவகாசம்: இவ்வளவுக்கும் சம்மதமாயின் அறிவிப்பு அப்படியே இருக்கட்டும். இல்லையெனில், அதன் தலைப்பைக் கதைக் கொள்முதல் நிலையம் என்று திருத்தி அச்சிடும்படி வேண்டுகிறேன். வருகிறவர்கள் விலை பேசத் தயாராகவேனும் வருவார்கள்.

இங்ஙனம்,
தங்கள் அபிமானி