மலையேறி வந்த பாத்திரங்கள்

கேள்வி: கொடைக்கானல் பங்களாக்களின் பழைய பாத்திர பண்டங்களை எப்படிப் பார்த்து வாங்குவது? வீட்டில் அவற்றால் என்ன பயன்?

பதில்: 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை பீங்கான் தட்டு முதல் இரும்புச் சாமான்வரை எல்லாம் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில், ஆள் சுமையாகவும் மட்டக்குதிரை மேலும் ஏறி வந்தன. அக்காலத் தட்டு ஒன்று கீறலில்லாமல் கிடைத்தால், செய்தவரைவிடச் சுமந்தவரைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

வாங்கும்போது கையில் சிறு காந்தம் இருந்தால் நல்லது. எனாமல் குவளையில் அது பெரும்பாலும் ஒட்டும், உள்ளே இரும்பு. பித்தளையில் ஒட்டாது, ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடம் விட்டால் கடையில் ஒரு கரண்டிகூடத் தப்பாது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளைவெளேரென்று இருந்தால் வெள்ளீயப் பூச்சு நன்றாக இருக்கிறது. அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தால், மறுபடி பூசிய பிறகே புளிக்குழம்பு வைக்கலாம்.

எனாமல் உதிர்ந்த குவளை சமையலுக்கு ஆகாது, தோட்டத்துக்கு ஆகும். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஜெரேனியம் கிளையொன்றை நட்டு, வெயில் படும் ஜன்னலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். கிளை வெட்டுவது பாட்டி வேலை. மண் அள்ளுவது பேரன் வேலை.