உட்கார ஒரு சட்டம்

லால்குடியில் ஜவுளிக்கடை இல்லாமல் இல்லை. ஆனாலும் தீபாவளித் துணியை லால்குடியிலேயே எடுத்தேன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. கொள்ளிடத்தைத் தாண்டி, காவிரியையும் தாண்டி, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, என்.எஸ்.பி. ரோட்டில் நாலு பேர் காலை மிதித்து, நாலு பேரிடம் மிதிபட்டுக் கொண்டுவந்தால்தான் அது துணி. அதே சூரத்துப் புடவை உள்ளூரில் ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், "என்னமோ, பளிச்னு இல்லடா" என்பார் என் சித்தி.

சித்திக்கு வருஷத்தில் இரண்டு பருவம். ஒன்று ஆடி, மற்றது ஐப்பசி. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பட்டு கிடையாது. ஒரு காலத்தில் ஜவுளிக்கடையில் ஈ ஓட்டிய மாதம் அது. விற்பனைக்கு நின்றவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். அது பொறுக்காமல்தான் எந்தப் புண்ணியவானோ ஆடித் தள்ளுபடியைக் கண்டுபிடித்தார். இப்போது கல்யாண மாதமே தேவலை என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருபவர்களிடம் ஒரு பட்டியலாவது இருக்கும். தள்ளுபடிக்கு வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்பது கடைக்குள் வந்த பிறகுதான் தெரியும்.

சித்தி புடவை பார்ப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். "அந்த அரக்கு." எடுத்துப் போடுவார்கள். "அதுக்குக் கீழே இருந்துச்சே, அது." அதுவும் வரும். "பிரிங்க, முந்தியைப் பார்க்கணும்." பிரிப்பார்கள். "இதே பார்டர்ல மயில் கழுத்துக் கலர் வருமா?" ஒரு புடவை ஐந்தரை மீட்டர். மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். 15 புடவைகளை முனைக்கு முனை முடிச்சுப் போட்டால் ஏறக்குறைய உச்சிப் பிள்ளையார் காலடியிலிருந்து தரைவரை தொங்கவிடலாம். சித்தி காபி குடிக்கப் போவதற்கு முன்பே ஒரு மலைக்கோட்டையை இறக்கிவிடுவார். அதை மடித்து மறுபடி ஏற்றுவது எதிரே நிற்கும் பெண்ணின் பாடு. எடுப்பது என்னவோ முதலில் காட்டிய அரக்குதான்.

போன தீபாவளிக்கு அந்த எதிர்ப்பக்கத்தில் நின்றது பூவாளூர்ப் பெண். சித்தியின் நாத்தனார் வழியில் ஏதோ உறவு.

"ஏண்டி, இங்கயா வேலை பார்க்கறே? சொல்லவே இல்லையே!"

"மெதுவா, அத்தை. தெரிஞ்சவங்ககிட்ட பேசினா சூப்பர்வைசர் வந்துடுவாரு."

"தீபாவளிக்கு என்ன எடுத்தே?"

"லால்குடியிலயே ஒரு சுடிதார் எடுத்துட்டேன் அத்தை. திருச்சியில கடை பார்க்க எனக்கு ஏது நேரம்?"

என்.எஸ்.பி. ரோட்டிலேயே காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கும் பெண் சொன்னது இது. சித்தி பதில் பேசவில்லை. அன்று அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்குத் தீபாவளி தெரியும். தீபாவளிக்குத்தான் சட்டம் தெரியாது. கடைசி வாரத்தில் ஷட்டர் எப்போது இறங்கும் என்பது வாடிக்கையாளர்களின் மனசைப் பொறுத்தது. பூவாளூர்ப் பெண்ணின் கவலை லால்குடிக்குக் கடைசி பஸ். விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் கங்கா ஸ்நானம் என்றால், அவள் படுப்பதற்குப் பதிலாக நேரே மணையில் உட்கார்ந்துவிடலாம்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாதென்று 2004இல் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய இரவுக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால், முதலில் மறியல் செய்வது கடை முதலாளிகள் அல்ல, ஜாக்கெட்டுக்கு மேட்சிங் கிடைக்காத என் சித்தியாகத்தான் இருக்கும். கடை திறந்திருக்கிறது என்பதால் நாம் போகிறோமா, நாம் போவதால் திறந்திருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். "வாய் பேசாம அந்தக் கட்டைப் பையைப் பிடி" என்றார்.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளுக்காக லால்குடியே மூக்கைச் சிந்தியது. அடுத்த ஆடிக்கும் கூட்டம் குறையவில்லை. அழுகை வேறு, தள்ளுபடி வேறு.

ஒரு நல்லது நடந்தது, கேரளாவில். கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைப் பெண்கள், விஜி என்பவர் முன்நிற்க, வேலை நேரத்தில் உட்கார உரிமை கேட்டுப் போராடினார்கள். அவர்கள் கேட்டது சிம்மாசனம் அல்ல, ஒரு ஸ்டூல். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடைகளில் ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. மனித குலம் உட்காரக் கற்று எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகியும், துணி விற்பவருக்கு அதைச் சட்டசபையில்தான் வாங்கித்தர வேண்டியிருந்தது. சரி, வாங்கியாயிற்று. தீபாவளி வாரத்தில் அந்த வாய்ப்பை யார் கொடுப்பது? சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தால், "ஆள் இருந்தும் கவனிக்க மாட்டேங்கறாங்க" என்று முதலாளிக்கு முன்னால் குரல் கொடுப்பது நாம்தான்.

நான் பார்த்த அந்தக் கடையில் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டிருந்தார்கள். சட்டப்படி, வரிசையாக, நல்ல உயரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு கணவர். மடியில் கட்டைப் பை, பையின் மேல் குழந்தை, குழந்தை கையில் செல்போன். சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்த ஒருவர், இரண்டு கையிலும் புடவை அடுக்கோடு போன பூவாளூர்ப் பெண்ணை நிறுத்தினார்.

"ஏம்மா, ரொம்ப நேரமா உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு. சாய்ஞ்சுக்கற மாதிரி நாற்காலி ஏதாவது இருக்கா?"