மருந்துக்கடைத் தேர்வியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

1. ஆய்வின் தேவை

பால்காரரை, பள்ளிக்கூடத்தை, கல்யாண மண்டபத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழி மரபில் விதிகள் ஏராளம். மருந்துக்கடைக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை. "எப்பவும் அங்கதான் வாங்குவோம்" என்பதே இத்துறையில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ள ஒரே கோட்பாடு. ஏன் என்று கேட்டால் கோட்பாட்டாளர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இக்குறையைப் போக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் இயல்பானது. அதாவது, வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு. பாட்டிக்குச் சர்க்கரை, இன்சுலின் வரை போயாயிற்று. அம்மாவுக்குத் தைராய்டு. அப்பாவுக்கு, அவர் கூற்றுப்படி வாயு; டாக்டர் கூற்றுப்படி கொலஸ்ட்ரால். பையனுக்கு மழைக்காலம் முழுக்கச் சளி. களம் திருச்சி தில்லைநகர். அங்கே குறுக்குத் தெருக்களில் டாக்டர் பலகையும் மருந்துக்கடைப் பலகையும் அடுத்தடுத்து வருவதால் தரவுக்குப் பஞ்சமில்லை. நடக்க முடிந்தால் போதும்.

2. சட்ட மரபு

மூல நூல்கள் மூன்று: 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அதன் 1945ஆம் ஆண்டு விதிகள், 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம். டாக்டர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது இவற்றின் சாரம். சட்டப்படி கடையில் இருக்க வேண்டிய அவர், சில கடைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மட்டும் இருக்கிறார். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், ஊதுவத்திப் புகை படிந்த சான்றிதழில், தலைநிறைய முடியுடன் ஒரு புகைப்படம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர்தானா என்பதைக் காலத்தின் கோலத்தையும் கணக்கில் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். ஐயம் வந்தால் நேரே கேட்டுவிடலாம். "பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்கார்" என்ற விடை காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கிடைத்தால், அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்பது பெறப்படும்.

3. முந்தையோர் கொள்கைகளும் மறுப்பும்

தூரமே அளவுகோல் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? காய்ச்சல் மாத்திரைக்குத் தெருமுனைக் கடையை நாடும் அதே குடும்பம், சானிட்டரி நாப்கின் வாங்க அடுத்த தெருவுக்கும், ஆணுறை வாங்க அடுத்த பேட்டைக்கும் போகிறது. கடைக்காரர் கேட்காமலே கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தாலும், கொடுத்த கை தெரிந்த கை என்பதே இடைஞ்சல். ஆகவே தூரம் இங்கே இருபுறமும் வேலை செய்கிறது. பொருள் எவ்வளவு அந்தரங்கமோ, கடை அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்.

தள்ளுபடியே அளவுகோல் என்பார் மற்றொரு சாரார். இவர்கள் தொகையில் பெரியவர்கள், பெரும்பாலும் அப்பாக்கள். 'அனைத்து மருந்துகளுக்கும் 20% தள்ளுபடி' என்னும் பலகையை இவர்கள் கல்வெட்டுக்கு நிகராக மதிக்கிறார்கள். ஆனால் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவிலை கணக்கிடும்போது, சில்லறைக் கடைக்காரருக்கென்று 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சேர்த்துக்கொடுப்பது 16 சதவீதம். பதினாறில் இருபதைக் கழித்துவிட்டு வாடகையும் கட்டுகிறவர், ஒன்று மொத்தமாக மலிவு விலைக்கு வாங்குகிறார், அல்லது இங்கே விட்டதை லாபம் கூடிய வேறு சரக்கில் பிடிக்கிறார். இரண்டாவது வழியின் அடையாளம், எழுதித் தந்த மாத்திரை அங்கே எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். "அதே மருந்துதான் சார், வேற கம்பெனி" என்ற வாக்கியம் மட்டும் தீராது.

இக்கொள்கையினரிடம் உள்முரண் ஒன்றும் உண்டு. 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் பல மாத்திரைகள் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அங்கே அழைத்துப்போனால் அப்பா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். "இவ்வளவு கம்மியா இருக்கே, கேக்குமா?" இருபது சதவீதம் குறைந்தால் லாபம், எழுபது சதவீதம் குறைந்தால் சந்தேகம். அறுபதில் என்ன உணர்ச்சி தோன்றும் என்பது இன்னும் அளக்கப்படவில்லை.

4. கத்தரிக்கோல் சோதனை

பாட்டி இரண்டே இரண்டு மாத்திரை கேட்கிறார். "அட்டையை வெட்ட மாட்டோம் பாட்டி, முழுசாத்தான்" என்பது தொடர்க்கடை மரபு. தெருமுனைக் கடையில் மேசையின் ஓரத்தில் நூல் கட்டிய கத்தரிக்கோல் தயாராக இருக்கிறது. இதனால் தெருமுனைக் கடையே இரக்கமுள்ளது என்று கொள்வது அவசர முடிவு. காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் அச்சாகியிருக்கும். வெட்டத் தொடங்கும் முனை எது என்பதைக் கவனிக்க வேண்டும். தேதியுள்ள துண்டு கடையிலேயே தங்கிவிட்டால், பாட்டியின் கையிலிருக்கும் இரண்டு மாத்திரைகளுக்கும் வயது தெரியாது. அப்போது அந்தத் தேதியைப் பில்லிலாவது அச்சடித்துத் தரும் கடை தேறியது. பழைய உறையின் முதுகில் பேனாவால் கூட்டிக்காட்டி, உறையைத் தானே வைத்துக்கொள்ளும் கடை தோற்றது.

5. வினாக் கோட்பாடு

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பவணந்தியார் மருந்துக்கடையை மனத்தில் வைத்து இதைச் செய்தார் என்று நிறுவ இயலாது. ஆயினும் வேறெங்கும் இவ்வாறும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி இவ்வாய்வாளர் கண்டதில்லை.

வாங்க வந்தவர் கேட்பது எப்போதும் கொளல்வினா: "தம்பி, டோலோ இருக்கா?" வேறுபாடெல்லாம் கடைக்காரர் திருப்பிக் கேட்பதில்தான்.

"பில் வேணுமா சார்?" என்பது கொடைவினா போலத் தோன்றும்; உள்ளே கொடாமை பொதிந்தது. "முழு அட்டையாவே எடுத்துக்கலாமே?" ஏவல்வினா. "போன் நம்பர் சொல்றீங்களா, பாயிண்ட்ஸ் ஏறும்" என்பதை நன்னூலார் எதிர்பார்க்கவில்லை.

"யாருக்கு? எத்தனை வயசு? வேற மாத்திரை ஏதாவது போடுறாங்களா?" இது அறியாவினா. இதன் பயனைத் தாத்தாவின் நேர்வில் காணலாம். இதய டாக்டர் டெல்மிசார்டான் என்னும் கொதிப்பு மருந்தை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதினார். பாட்டிக்குத் துணையாகப் போன இடத்தில் தாத்தாவையும் பார்த்த சர்க்கரை டாக்டர், அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதினார். அட்டை வேறு, நிறம் வேறு, பெயரும் வேறு. தாத்தா இரண்டையும் பக்தியுடன் விழுங்கியிருந்தால் எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றியிருக்கும். இரண்டு சீட்டும் ஒரே மேசைக்கு வந்ததால் கடைக்காரர் பிடித்துவிட்டார். பையனுக்கு வாங்கிய சளி மாத்திரையிலேயே பாரசிட்டமால் இருக்கிறது, காய்ச்சலுக்கென்று தனியாக இன்னொன்று வேண்டாம் என்று எடுத்து வைத்தவரும் அவரே. குடும்பத்தின் சீட்டெல்லாம் ஒரே கடைக்குப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தள்ளுபடிக்கு ஒரு கடை, வசதிக்கு ஒரு கடை, அவசரத்துக்குச் செல்போன் என்று பிரித்து வாங்கினால் மூவரில் ஒருவருக்கும் முழுக் கதை தெரியாது.

"இது இருபத்தஞ்சா, எழுபத்தஞ்சாம்மா?" ஐயவினா. தைராக்ஸின் மாத்திரை இரண்டு அளவிலும் கிடைக்கிறது. டாக்டரின் கையெழுத்தில் இரண்டும் ஓர் உடைந்த வளையல் போல இருக்கின்றன. ஊகித்து எடுத்துக் கொடுப்பவர் கெட்டிக்காரர் என்று அம்மா கருதுகிறார். கிளினிக்குக்குப் போன் போட்டு, அம்மாவை ஐந்து நிமிடம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைப்பவரே மருந்தாளுநர் என்று இவ்வாய்வு கருதுகிறது.

"தைராய்டு மாத்திரையை எப்பம்மா போடுறீங்க?" அறிவினா, விடை தெரிந்தே கேட்பது. "காபியோடதான்" என்று அம்மா சொன்னதும் அவர் எதிர்பார்த்த பாடம் தொடங்குகிறது: வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட வேண்டும், கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சொன்னதை அட்டையின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதித் தருகிறார். அலுமினியத் தாளில் மை பிடிக்காமல் வழுக்க, மூன்றாம் முறை அழுத்தியதில் 'வெறும் வயி' வரை வந்தது.

ஆறிலும் குடும்பத்தால் மிகுதியாக வெறுக்கப்படுவது ஒரு வினா: "சீட்டு எங்க?" செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளும் எச்-1 பட்டியலைச் சேர்ந்தவை. 2014 மார்ச் முதல் இவற்றை விற்கும் கடை, நோயாளி பெயரும் எழுதிய டாக்டர் பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பும் கடையைப் பற்றி வீட்டில் "ரொம்பத்தான் பண்றான்" என்கிறார்கள். சொல்லும்முன்பே எடுத்து நீட்டும் கடைக்கு, "கைராசிக்காரர்" என்று பெயர்.

6. குளிர்பெட்டிச் சான்று

இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் குளிர்பெட்டி உண்டு. அது திறக்கப்படும் கணத்தில் ஆய்வாளர் எட்டிப் பார்ப்பது நலம். உள்ளே வெப்பமானி தெரிந்தால் மதிப்பெண் கூட்டுக. தயிர்சாத டப்பா தெரிந்தால் கழிக்க. கரண்டு போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, இன்வெர்ட்டரைக் காட்டினால் மீண்டும் கூட்டுக. "இங்கல்லாம் கரண்டு போகாது சார்" என்பவரைத் தமிழ்நாட்டு வரலாறு அறியாதவராகக் கொண்டு நீங்குக.

7. முடிவும் வரவேற்பும்

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: எந்தக் கடையோடு குடும்பத்துக்கு ஒரு முறையாவது மனத்தாங்கல் வந்திருக்கிறதோ, அந்த மனத்தாங்கல் சீட்டைக் கேட்டதாலோ போன் போட்டுக் காக்க வைத்ததாலோ வந்ததாக இருந்தால், அதுவே அக்குடும்பத்துக்குரிய கடை. தள்ளுபடியை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முடிவு ஆய்வுக் குடும்பத்தின் முன் வாசிக்கப்பட்டது. அப்பா தள்ளுபடி இழப்பைத் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டினார். பாட்டி, அந்தத் தம்பி மரியாதையாகப் பேசும் என்ற ஒரே காரணத்தால் முடிவை ஏற்றார். ஆய்வுநெறிப்படி இது தவறான காரணம், ஆயினும் வாக்கு செல்லும். தாத்தா மட்டும் அடிப்படை வினா ஒன்றை எழுப்பினார்: "கேள்வி கேக்க அவன் என்ன பெரிய டாக்டரா?"

இல்லை. இரண்டாண்டு டி.பார்மோ நான்காண்டு பி.பார்மோ படித்தவர். மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க மட்டும் என்றால் அதற்கு இரண்டு நாள் போதும். மீதிப் படிப்பெல்லாம் கேள்வி கேட்பதற்குத்தான்.