பீரோ சாவி பத்திரம்

வாங்க வாத்தியார் தம்பி, திண்ணையில உக்காருங்க. ரெண்டு வாத்தியார், அஞ்சு கிளாஸ். ஒரு ஏர்ல பூட்டின ரெண்டு மாடு மாதிரி. ஒண்ணு கிழக்க இழுத்தா இன்னொண்ணு மேற்க இழுக்கணும், அதுதான் நம்ம பள்ளிக்கூடத்து வழக்கம். புதுசா வந்த நீங்க அதைக் கெடுத்துராதீங்க.

பீரோ சாவியை இடுப்புல சொருகிக்கிடுங்க. உள்ள கணக்குப் பெட்டி ஒண்ணு கெடக்கு, ஒட்டின டேப்பு இன்னும் பிரியலை. ஓரத்துல எலி மட்டும் பிரிச்சுப் பாத்திருக்கு. புள்ளைக தொட்டா தேஞ்சிரும்லா? கூட இருக்கிற டீச்சர் வந்து கேட்டா "தேடிப் பாக்குறேன்"னு சொல்லுங்க. ஒரு வருசம் தாராளமாத் தேடலாம்.

2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து மூணு வரைக்கும்தான். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு தினுசுப் புள்ளைகளையும் ஒரே ரூம்ல எப்படி உக்கார வைக்கிறதுன்னு அந்த டீச்சரம்மா வருசம் பூரா மல்லுக்கட்டிப் பழகிட்டாக. மறுவருசம் நாலு, அஞ்சுக்கும் வந்துருச்சு. உங்களுக்கு முன்னால இருந்த சார் என்ன செஞ்சாரு? பயிற்சிக்கு ரெண்டு பஸ் மாறிப் போனாரே ஒழிய, ரெண்டு ரூமுக்கும் நடுவுல நிக்கிற தட்டியைத் தாண்டி அந்த டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பஸ்ல போனா ஆன் டூட்டி. பத்தடி நடந்து போய்க் கேட்டா மரியாதை என்னாகுறது?

நீங்களும் தேறிருவீக தம்பி. போன வாரம் மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு கேட்டீகளே, கிளாஸ் மொத்தமும் "நாலு!"ன்னு கத்துச்சே. போர்டுல வட்டம் போட்டீக, அழிச்சீக, மறுபடியும் வட்டம் போட்டீக. வேலிக்கு வெளிய ஆடு மேச்ச எனக்கே கேட்டுச்சு, தட்டிக்கு அந்தப் பக்கம் கேக்காமலா இருக்கும்? அவுக வரலை, நீங்க கூப்பிடலை. ரெண்டு பேரும் ரொம்பப் பக்குவம். எனக்குத்தான் பொறுக்கலை. "ஏலே, ஒரே புஞ்சையை மூணு பங்காளி பிரிச்சா ஆளுக்கு நெறைய வருமா, நாலு பேரு பிரிச்சா வருமா?"ன்னு சன்னல்ல தலையை விட்டுட்டேன். கணக்கும் வந்துச்சு, பங்காளிச் சண்டையும் வந்துச்சு. சம்பளமில்லாத ஆளு, மன்னிச்சுக்கிடுங்க.

பி.எட். படிக்கிற எம்பேத்தி ஒரு கூத்துச் சொல்றா. ஜப்பான்ல நாலஞ்சு வாத்தியாருக கூடி உக்காந்து ஒரே ஒரு பாடத்துக்குத் திட்டம் போடுவாகளாம். ஒருத்தர் நடத்துவாராம், மத்தவுக சுவரோரமா நிப்பாகளாம். வாத்தியார்கிட்ட நொட்டை பிடிக்க இல்லை, புள்ளைக எந்த எடத்துல முழிக்குதுன்னு குறிச்சுக்கிட. அப்புறம் கூடிப் பேசித் திருத்துவாகளாம். நூறு வருசத்துக்கு மேல இப்படித்தானாம். வெவரமில்லாத சனம்! நம்ம கிளாஸ்ல பின்னால ஒருத்தர் வந்து நின்னா அது பி.இ.ஓ.வாத்தான் இருக்கணும், வாத்தியாருக்குச் சட்டை நனையணும். கூடிப் பேசத்தான் குறுவள மையக் கூட்டம் இருக்கே. எந்தக் கடை வடை மொறுமொறுன்னு இருக்குங்கற விசயம் ஒன்றியம் பூரா அப்படித்தான பரவுச்சு?

அந்தா, டீச்சரம்மா இங்கதான் வாராக. மூஞ்சியைப் பாத்தா கணக்குப் பெட்டி கேக்க வர்ற மாதிரி இருக்கு. இடுப்பைத் தொட்டுப் பாருங்க தம்பி, சாவி இருக்கா?