நகரும் படிக்கட்டில் நிற்றல்: ஓர் ஒப்பியல் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் பயண நூல்கள் கோபுரம், குளிர், சாப்பாடு ஆகிய மூன்றோடு நின்றுவிடுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்ற அடிப்படைக் கேள்வியை எவரும் தொடவில்லை. இந்த மாபெரும் இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். மாபெரும் இடைவெளி ஒன்று இருப்பதாகச் சொல்லாமல் ஆய்வேட்டைத் தொடங்கினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதும் ஒரு காரணம்.

2. ஆய்வு எல்லை

லண்டன், டோக்கியோ, ஒசாகா. மற்ற ஊர்களுக்கு டிக்கெட் விலை அதிகம்.

3. முன்னோர் கருத்து

நகரும் படிக்கட்டு பற்றித் தொல்காப்பியர் எதுவும் கூறவில்லை. கூறாமல் விட்டதனாலேயே அது அக்காலத்தில் எல்லாரும் அறிந்த பொருளாக இருந்தது என்பது பெறப்படும். இம்முறையில் இதைவிடப் பெரிய பொருள்களையெல்லாம் பெற்றவர்கள் நம்மிடையே இருப்பதால், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

4. திணைப் பாகுபாடு

எஸ்கலேட்டரில் ஏறுவோர் நால்வகைப்படுவர்.

நிற்போர்: ஒரு பக்கமாக நிற்பவர்.

நடப்போர்: மறுபக்கம் ஏறிப்போகிறவர்.

கைக்கிளையார்: கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு எடுப்பார், காலை மட்டும் வைக்கமாட்டார். படிகள் ஒவ்வொன்றாக வெளிவந்து போய்க்கொண்டே இருக்கும். படிக்கு இவர்மேல் எந்த எண்ணமும் இல்லை. ஆசையெல்லாம் இவர் பக்கம்தான்.

பெருந்திணையார்: இறங்கும் படியில் ஏறும் சிறுவர்கள். பொருந்தா ஏற்றம்.

5. லண்டன் மரபு

லண்டன் பாதாள ரயிலில் முதல் எஸ்கலேட்டர் 1911-ல் எர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் ஓடத் தொடங்கியது. பயந்தவர்களுக்குத் தைரியம் வர, ஹாரிஸ் என்ற ஒற்றைக்கால் மனிதரை அதில் ஏறி இறங்கச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒரு காலே பத்திரமாகப் போய்ச் சேரும்போது இரண்டு காலுக்கு என்ன பயம் என்பது வாதம். கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. மேற்கோள் காட்டுவோர் தொகை அதனால் குறைந்துவிடவும் இல்லை.

லண்டனில் வலப்பக்கம் நிற்கவேண்டும், இடப்பக்கம் நடப்பவருக்கு. சாலையில் இடப்பக்கம் போகிற மக்கள் படிக்கட்டில் ஏன் வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள்? ஏகாதிபத்திய மனத்தின் உள்முரண் என்று இருநூறு பக்கம் எழுதலாம். அந்தக் கால எஸ்கலேட்டர் மேலே முடிகிற இடத்தில் சாய்வாக வெட்டப்பட்டு, வலக்கால் முதலில் வெளியேறும்படி அமைந்திருந்தது என்பது பொறியாளர் தரும் விளக்கம். ஒரே வரியில் முடிந்துவிடுவதால் இது ஆய்வுலகில் எடுபடுவதில்லை.

6. ஜப்பான் மரபு

டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள். ரயிலேறி இரண்டரை மணி நேரத்தில் ஒசாகாவில் இறங்கினால் வலப்பக்கம் நிற்பார்கள். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே ரயில்; பக்கம் மட்டும் வேறு.

இதற்குச் சொல்லப்படும் புகழ்பெற்ற விளக்கம் வருமாறு: டோக்கியோ சாமுராய்களின் ஊர். வாள் இடது இடுப்பில் இருக்கும். அதை உருவும் வலக்கைக்கு இடம் வேண்டும். ஆகவே இடப்பக்கம் நின்றார்கள். ஒசாகா வணிகர்களின் ஊர். பணப்பை வலக்கையில் இருக்கும். அதைக் காக்க வலப்பக்கம் ஒண்டினார்கள். (பெரியப்பா, வாய்மொழி.)

ஜப்பானில் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்தது 1876-ல். முதல் எஸ்கலேட்டர் வந்தது 1914-ல். நடுவே 38 ஆண்டுகள். இதைச் சுட்டிக்காட்டியபோது, "வாள் போனாலும் இடுப்பு மறக்காதுடா" என்று விடை கிடைத்தது. (பெரியப்பா, மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு.) "உங்க இடுப்பு வலியைத்தான் மறக்கமாட்டேங்குது" என்று ஓர் இடைச்செருகல் காணப்படுகிறது. (பெரியம்மா, சமையலறையிலிருந்து, சில பிரதிகளில் 'முழங்கால்' என்றும் பாடம்.) இவ்விரு பாடங்களையும் இணைத்துப் பொருள்கொள்ள உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் வழி கண்டிருப்பார், அவருக்குக் கொண்டுகூட்ட முடியாத தொலைவு என்று ஒன்று கிடையாது.

1967-ல் ஒசாகாவின் ஹான்க்யூ உமேதா ரயில் நிலையத்தில், அவசரமாகப் போகிறவர்களுக்காக இடப்பக்கத்தை விட்டு நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லத் தொடங்கினார்கள் என்பதும் ஒரு விளக்கம். ஒருவர் மைக்கில் சொன்னார், மற்றவர்கள் கேட்டார்கள் என்ற முடிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் தராது. ஆகவே அறிஞர் உலகம் வாளையே விரும்புகிறது.

7. தமிழ்க் குடும்ப நிலை

மேற்கண்ட இரு மரபுகளிலும் அடங்காத மூன்றாவது ஒன்று ஷின்-ஒசாகா நிலையத்தில் நேரில் பதிவு செய்யப்பட்டது. பெரியப்பா இடப்பக்கம், பெரியம்மா வலப்பக்கம், நடுவில் பெட்டி. பெட்டியின் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி. பேரன் இரண்டு படி மேலே, திரும்பி நின்று ஊறுகாய் பாட்டில் உடைந்திருக்குமா என்று விசாரிக்கிறான். மறுமொழி இரு தரப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. பின்னால் கோட்டு போட்ட அலுவலர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்கிறார்கள். முதலில் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். வாய் திறக்கவில்லை. மேலே வந்ததும் பெரியம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஓடுகிறார். "என்ன மரியாதை பாருங்க" என்று ஜப்பானியப் பண்பாடு பற்றிய முடிவு அவ்விடத்திலேயே எட்டப்பட்டது. (பெரியம்மா, களஆய்வு, பெரியப்பாவின் ஆமோதிப்புடன், ஊறுகாய் பத்திரம் என்ற பின்னிணைப்பு விடுதி அறையில் சேர்க்கப்பட்டது.)

குடும்பமே படியடைத்து நிற்கும் இந்நிலையை நாகரிகக் குறைவு என்பாரும் உளர். அவர்கள் அடுத்த பகுதியைப் படிக்கவும்.

8. எதிர்பாராத சான்று

லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015-ல் மூன்று வாரம் ஒரு சோதனை நடந்தது: யாரும் நடக்க வேண்டாம், இரு பக்கமும் நில்லுங்கள். நெரிசல் நேரத்தில் 30 சதவீதம் வரை கூடுதலானோர் மேலே போய்ச் சேர்ந்தார்கள். உயரமான படிக்கட்டில் நடந்தேறத் தெம்புள்ளவர் சிலரே. அவர்களுக்காகப் பாதிப் படி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் சிலர் கோபப்பட்டார்கள். 2016-ல் இன்னும் ஆறு மாதம் சோதித்துவிட்டுப் பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள். ஜப்பானிலோ சைதாமா மாகாணம் 2021 அக்டோபரிலும், நகோயா மாநகரம் 2023 அக்டோபரிலும் எஸ்கலேட்டரில் நடக்கக்கூடாது, நிற்கத்தான் வேண்டும் என்று விதியே கொண்டுவந்தன. மீறினால் தண்டனை கிடையாது.

ஆக, இரு பக்கமும் அடைத்து நிற்பதில் உலகம் இப்போதுதான் பெரியம்மாவை எட்டிப்பிடிக்கிறது. இதைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக்கி அடுத்த பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க எண்ணம். பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று; சான்றிதழ் முன்கூட்டியே வந்துவிட்டது.

9. முடிவுரை

ஒரு பழக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுக் காரணம் சொல்கிறவரிடம் அந்தப் பொருள் எந்த ஆண்டில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். போன ஊரில் முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.