கேஸ் போயிருச்சுங்க!

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்ற பேச்சு வாசற்படி தாண்டுவதற்குள் அவர் வந்துவிடுவார். செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. கதவைத் திறப்பார், காய்கறித் தட்டின்மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைப்பார், நாடி பார்த்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "கேஸ் போயிருச்சுங்க" என்பார். பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கமாட்டார். கம்ப்ரஸர் ஓடும் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கமாட்டார். துடைக்கும்போது யார் கையோ பட்டு தெர்மோஸ்டாட் திருகு பூஜ்யத்தில் நிற்பது கண்ணெதிரே தெரிந்தாலும் தீர்ப்பு மாறாது. தீர்ப்புக்கு விளக்கம் சொல்லி, மச்சான் வீட்டில் போன வருஷம் போன கேஸின் வரலாற்றையும் சொல்லி முடிக்கும்வரை கதவு திறந்தேதான் இருக்கும். கேஸ் போனதோ இல்லையோ, மிச்சமிருந்த குளிர் போய்விடும்.

இந்த முடிவுக்கு அவர் எப்படி வருகிறார் என்று பார்த்தால், காரணம் பக்கத்திலேயே சிவப்பாக நிற்கிறது: சிலிண்டர். அது ஒன்றரை மாதத்தில் தீரும்போது, பத்து வருஷம் ஓடிய ஃபிரிட்ஜில் கேஸ் தீராதா? போதாக்குறைக்கு, புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி. ஆனால் அடுப்பில் கேஸ் எரிந்து தீர்கிறது. ஃபிரிட்ஜில் அது சுற்றி மட்டுமே வருகிறது. கம்ப்ரஸர் அழுத்த, பின்புறக் குழாயில் சூட்டை இறக்கித் திரவமாகி, கேபிலரி என்னும் மெல்லிய குழாயில் நுழைந்து, ஃப்ரீசரில் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. செக்குமாட்டுச் சுற்று. குழாயில் ஓட்டை விழாதவரை எத்தனை வருஷமானாலும் அதே கேஸ்தான். அளவும் சொற்பம்: ஆர்-600ஏ என்றால் வீட்டு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் நூறு கிராமுக்குள். எத்தனை கிராம் என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தராசு வைத்து எடைபோட்டு ஏற்றுவதுதான் முறை. எனக்கு விளங்காத இடம் இதுதான். இது வெள்ளிக் கொலுசு செய்யும் பேட்டை. ஒரு ஜோடி கொலுசுக்குச் சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூச்சடக்கித் தராசைப் பார்க்கிறவர், வெல்ல மண்டியில் சாக்கின் எடையைக் கழிக்கச் சொல்லி வாதாடுகிறவர், ஐம்பது அறுபது கிராம் கேஸுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கச் சொல்கிறார். எடை கேட்பதில்லை.

"கேஸ் ஏத்தின பொறவு ஓடுச்சுல்லங்க?" என்று அவர் மடக்குவார். ஓடியது உண்மைதான். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குப் பின்னால் குளிர்ச்சுருள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மின்விசிறி குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. சுருளில் படியும் பனியை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டர். அந்த ஹீட்டரோ அதன் சென்சாரோ பழுதானால் பனி இறுகிக் காற்றின் வழி அடைபடும். மேலே ஐஸ் உறையும், கீழே பால் திரியும். மெக்கானிக் வருவதற்காக ராத்திரி முழுக்க அணைத்து வைத்தார்களே, அதிலேயே பனி உருகிவிட்டது. சுவரோடு ஒட்டியிருந்ததை முன்னால் இழுத்தார்கள், பின்புறச் சுருளின் தூசியைத் தட்டினார்கள், ஏப்ரல் வெயிலில் புழுங்கிய கம்ப்ரஸருக்குக் காற்றும் கிடைத்தது. புகழ் மட்டும் கேஸுக்கு. சில நாளில் பனி மறுபடி அடைத்தால், "ஏத்துன கேஸ் மட்டங்க" என்பார். அந்தக் காலத்துக் கேஸ் மாதிரி வருமா என்ற ஏக்கம் வேறு. அந்தக் கேஸ் ஓசோனை அரிக்கிறது என்று 1987இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, 2010இல் இந்தியாவும் அந்தக் கேஸைக் கைவிட்டாயிற்று என்பதெல்லாம் அவர் காதுக்கு எட்டவில்லை.

கேஸ் போகவே போகாதா என்றால், போகும். குழாய் அரித்துப்போனால் கசியும். அதைவிடச் சுலபமான வழி, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இறுகிய ஐஸைக் கத்தியால் குத்துவது. ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து தவறினால் உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "டீஃப்ராஸ்ட் பட்டனெல்லாம் எதுக்குங்க, கத்தியைக் கொடுங்க" என்று சட்டைக் கையை மடிப்பவரும் பெரும்பாலும் இவரேதான். தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதை மெய்யாக்குகிறார். அப்போதும் ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றினால், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. "மேல ஐஸ் கல்லாட்டம் இருக்குது, கீழதான் குளிரல" என்று அந்த வீட்டுப் பெண் முதலிலேயே சொல்லியிருப்பார். நோய்க்குறி அத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஐஸ் கல்லாக உறைகிறதென்றால் தேட வேண்டியது பெரும்பாலும் காற்றின் வழியைத்தான், கேஸை அல்ல. தினமும் பத்து முறை அந்தக் கதவைத் திறக்கிறவர் சொன்னது யார் காதிலும் ஏறுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்கிறவர் சொன்னதற்குப் பணம் எண்ணப்படுகிறது. புளித்துப் பொங்கிய மாவை வழித்துக் கொட்டுவதும் அந்தப் பெண்தான்.

ஆனாலும் மனுஷன் கெட்டவரல்ல. மெக்கானிக்கைத் தேடி வெயிலில் வண்டியை எடுப்பவர் அவர்தான். குறுகிய மாடிப்படியில் ஃபிரிட்ஜை இறக்கும்போது கனமான பக்கத்தைப் பிடிப்பவரும் அவர்தான். பாலும் மிஞ்சிய மாவும் வீணாகக் கூடாதென்று தன் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைப்பார். அது நன்றாகவே குளிர்கிறது. அதன் கதவை அவர் திறப்பதற்கு வீட்டம்மா விடுவதில்லை.